உப்பில்லாத் தளிகையும் குறை சொல்லாத அத்திம்பேரும்

ஸ்ரீரங்கத்தில் தளிகை லக்ஷ்மணனைத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், போன வருஷம்வரை லக்ஷ்மணன் நம்பியிருக்க மாட்டார். இப்போது நம்புகிறார். இப்போதெல்லாம் தம்மைப் பற்றி யார் எவ்வளவு மட்டமாகச் சொன்னாலும் நம்பிவிடுகிறார். ஆள் அவ்வளவு அடங்கிப்போனார். அடங்கிய கதையை வருவோர் போவோரிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். "அறுபதை எட்டிப் பாக்கறேன். சமைச்சு சமைச்சே கை காய்ச்சுப் போயிடுத்து. சாப்பாடுன்னா என்னன்னு போன ஆனி மாசந்தான் தெரிஞ்சுது" என்பார்.

வைஷ்ணவர் வீடுகளில் சமையலுக்குத் தளிகை என்று பெயர். ரசம் அங்கே சாத்தமுது, பொரியல் கறியமுது. பெயரிலேயே அமுது இருப்பதால் ருசி தானாக வந்துவிடும் என்று லக்ஷ்மணன் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய சமையற்கட்டில் ஒரு சட்டம் உண்டு. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கும் சமையல்காரர்களைக் கண்டால் பார்வையாலேயே எரித்துவிடுவார். அவருக்கு மூக்கு போதும். குழம்பு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டு உப்பு சரியா, குறைவா என்று சொல்லுவார். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு அவர் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணம் ஆகவில்லை. சமையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் பெண்ணுக்கு ஆத்தில் வேலை இருக்காதே என்று பெண்ணைப் பெற்றவர்கள் கவலைப்பட்டதாக அவர் சொல்லிக்கொள்வார். ஜாதகம் போய்ச் சேருவதற்கு முன்பே இவனுடைய வாய் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அக்கா கோமளா சொல்லும் காரணம். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, லக்ஷ்மணனை வளர்த்தது அக்காவும் அவளுடைய அகத்துக்காரர் ரெங்கநாதனும்தான். லக்ஷ்மணனுக்கு அவர் அத்திம்பேர்.

அத்திம்பேர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மைத்துனனையும் ரயில்வேயில் ஏற்றிவிடப் பாடுபட்டுப் பார்த்தார். எந்தப் பரீட்சை எழுதினாலும் லக்ஷ்மணன் பிளாட்பாரத்திலேயே நின்றார். கடைசியில், "உனக்கு வாய் ஒண்ணுதாண்டா வேலை செய்யறது. வாய்க்குள்ள போறதையே தொழிலாப் பண்ணிக்கோ" என்று சொல்லி ஒரு பெரிய சமையல்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதோடு நின்றாரா என்றால், இல்லை. லக்ஷ்மணன் எந்தக் கல்யாணத்தில் சமைத்தாலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு குறை சொன்னால்தான் அவருக்குச் செரிக்கும். வாழ்நாளெல்லாம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்த மனுஷர்; மைத்துனன் சமையலுக்கு மட்டும் என்றைக்கும் சிவப்புதான்.

"சாத்தமுதுல புளி முழிச்சிண்டு நிக்கறது" என்பார். "புளியோதரை நன்னாத்தான் இருக்கு, எள்ளுதான் கோவிச்சுண்டு தனியா ஒதுங்கிடுத்து" என்பார். பந்தியே ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துகொண்டிருக்கும். லக்ஷ்மணன் கரண்டியும் கையுமாக அத்திம்பேர் இலையோரம் நின்று, 'நன்னாயிருக்குடா' என்ற ஒற்றை வார்த்தைக்காகத் தவம் கிடப்பார். அது வரவே வராது. பெரிய மனிதர் ஒருவர் பொன்னாடை போர்த்திய அன்றும் அத்திம்பேர், "சால்வை கனமா இருக்கு. பருப்புதான் நீர்த்துப் போச்சு" என்றார்.

காலமும் மாறியது. கல்யாணங்களில் பானி பூரிக்கு ஒரு மேடை, தோசைக்கு ஒரு மேடை, ஐஸ்கிரீமை உருட்டிக் கொடுக்க ஒரு மேடை என்று வந்த பிறகு லக்ஷ்மணனைக் கூப்பிடுவோர் குறைந்தார்கள். சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று எப்போதாவது ஒன்று வரும். "பனீரைத் தொட மாட்டேன்னு நான்தான் கல்யாணத்தையெல்லாம் விட்டுட்டேன்" என்று சொல்லித் திரிந்தார். யார் யாரை விட்டார்கள் என்பது வீதிக்கே தெரியும்.

இப்படி இருக்கையில்தான் அத்திம்பேர் படுத்தார். ஒரு நாள் காலை கோயிலுக்குப் போனவர் வெள்ளைக் கோபுரத்தைத் தாண்டும்போதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். நீரை இறக்கி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி கால் வீங்கி, மறுபடி மூச்சு முட்டி, மறுபடி பாலத்தைத் தாண்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு பெண், ரேஷ்மா என்று பெயர். லக்ஷ்மணனையும் அக்காவையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"மாத்திரை எழுதிக் குடுக்கறோம், சரியாத்தான் போடறாங்க. ஆனா வீட்டுக்குப் போய் அப்பளம், ஊறுகாய்னு சாப்பிடறாங்க. உப்பு உடம்புல தண்ணியைக் கட்டி வைக்குது. திரும்ப இங்கதான் வராங்க. அதனால இப்ப எங்க டாக்டருங்க மருந்தோட சேத்து சாப்பாட்டையும் எழுதிக் குடுக்கறாங்க. அதை நாங்களே சமைச்சு வீட்டுக்கு அனுப்பறோம். டவுன்ல நல்லா நடக்குது. ஸ்ரீரங்கத்துலதான் ஆஸ்பத்திரிச் சமையலைத் தொட மாட்டோம்னு டப்பாவைத் திருப்பி அனுப்பிடறாங்க."

லக்ஷ்மணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஸ்ரீரங்கத்தை என்கிட்ட விட்டுடுங்கோம்மா. பெருமாளுக்குக் காட்டின தளிகைன்னா எந்த ஆத்துல வேண்டாம்பா?"

ரேஷ்மா யோசித்தாள். சமையற்கட்டை வந்து பார்த்தாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு என்று சொல்லி, அளப்பதற்கு ஒரு கரண்டியும் கொடுத்தாள். காது குடைய ஆகும் என்கிற அளவில் இருந்தது அது.

"ருசி பாத்துத்தானே சார் அனுப்புவீங்க?" என்று கேட்டாள்.

"நாங்க ருசி பாக்கற வழக்கமில்லைம்மா. எங்களுக்கு மூக்கே நாக்கு" என்றார் லக்ஷ்மணன். அந்தப் பெண் சிரித்தாள். தம் பெருமையைப் பார்த்துச் சிரித்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

மனுஷரிடம் ஆயிரம் ஓட்டை இருந்தாலும் வேலையில் திருட்டு கிடையாது. காது குடையும் கரண்டியால் அளந்தபடியே உப்புப் போட்டார். அதற்கு மேல் ஒரு கல் போடவில்லை. குழம்பு, கறியமுது, சாத்தமுது எல்லாம் முன்பு எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தார், உப்பை மட்டும் எடுத்துவிட்டு. தேரிலிருந்து சக்கரத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறதே என்பது போன்ற கெட்டிக்காரத்தனம் அது. கோயிலாழ்வாரில், அதாவது சமையற்கட்டு மூலையில் இருந்த சின்னப் பூஜை மாடத்தில், சாளக்கிராமப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு டப்பாக்களில் கட்டுவார். தெருமுனை ஆட்டோக்காரர் மதுரைவீரன் தம் வண்டியில் வாங்கிக்கொண்டு போய் வீடுவீடாகக் கொடுப்பார். லக்ஷ்மணன் தமக்கு மட்டும் ஒரு சின்னப் பானையில் உப்போடு தனியாகச் சமைத்துக்கொள்வார். நோயாளிகள் பங்கில் கை வைக்கக் கூடாது என்ற தர்ம சிந்தனை.

டப்பாக்கள் திரும்பி வந்தன. ஒரு பருக்கை மிச்சமில்லை. சில வீட்டில் கழுவியே அனுப்பியிருந்தார்கள்.

"எல்லாரும் வழிச்சுச் சாப்பிட்டுட்டாங்க சாமி" என்றார் மதுரைவீரன்.

லக்ஷ்மணனுக்குத் தலை கோபுரத்துக்கு மேலே போய்விட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று எவனோ கையாலாகாதவன் சொல்லி வைத்திருக்கிறான் என்றார். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அத்திம்பேர் ஒரு குறையும் சொல்லவில்லை. போன் பண்ணி, "எப்படி இருந்தது அத்திம்பேர்?" என்று கேட்பார். "ம்" என்று பதில் வரும். "கறியமுது?" "ஆச்சு." அவ்வளவுதான். சாத்தமுது இல்லை, புளி இல்லை, எள்ளு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்திம்பேர் வாயை அடைத்துவிட்டோம் என்று லக்ஷ்மணன் பூரித்துப்போனார். கோயிலில் தெரிந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்க அத்திம்பேரே ஒண்ணும் சொல்லலையே" என்றார். குறை சொல்லியே வாழ்ந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை என்றால் அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று ஒரு சின்னக் குழந்தைக்குத் தோன்றும். லக்ஷ்மணனுக்குத் தோன்றவில்லை. புகழுக்கு ஏங்கினவன் காதில் மௌனமும் கைதட்டலாகத்தான் விழும்.

ஆனி மாதத்தில் ஒரு முற்பகல் ரேஷ்மா போன் செய்தாள். குரல் சரியாக இல்லை.

"சார், உங்க அத்திம்பேருக்கு எடை ஏறிக்கிட்டே இருக்கு. கால்ல வீக்கம் வந்துடுச்சு. நேத்து செக்கப்ல டாக்டர் பாத்துட்டு என்னைத்தான் கேட்டார். சமையல்ல எதாவது கூடுதலா போடறீங்களா? மனசு கேக்காம போட்டிருந்தாலும் சொல்லிடுங்க."

லக்ஷ்மணனுக்குச் சுருக்கென்றது. "பெருமாள் சாட்சியாச் சொல்றேன். நீ குடுத்த கரண்டிக்கு மேல ஒரு கல் கிடையாது."

"அப்ப உப்பு எங்கேர்ந்து வருது சார்? இன்னொரு தடவை நீர் கோத்தா அவர் ஹார்ட் தாங்காதுன்னு டாக்டர் பயப்படறார்."

எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று லக்ஷ்மணன் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். அக்காதான் இளகிய மனசுக்காரி. அவள்தான் எதையோ கொடுக்கிறாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே மேலச் சித்திரை வீதிக்கு நடந்தார்.

சரியாகச் சாப்பாட்டு நேரம். அத்திம்பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முன்னால் ஸ்டூல், அதன்மேல் லக்ஷ்மணன் அனுப்பிய டப்பா. தம்பியைக் கண்டதும் அக்கா எதையோ புடவைத் தலைப்பால் மூடினாள். பெரிய ஜாடி, தலைப்பு பாதியைத்தான் மூடியது. பார்த்தவுடன் லக்ஷ்மணனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அது அவர் போட்ட மாவடு. பங்குனி தோறும் காந்தி மார்க்கெட்டில் பொறுக்கிப் பொறுக்கி வடுமாங்காய் வாங்கி, கல்லுப்பும் மிளகாயும் கடுகும் அரைத்துப் போட்டு, அக்கா ஆத்துக்கென்று முதல் ஜாடியைத் தாமே சுமந்து கொண்டுவந்து வைப்பார். அந்த உப்புத் தண்ணீரில்தான் அத்திம்பேர் பகலும் இரவும் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இது ஜாடியோடு டோர் டெலிவரி.

"என்னக்கா இது? பத்தியச் சாப்பாடு எதுக்கு அனுப்பறது? இதை வச்சுண்டா சாப்பிடறது?" என்று லக்ஷ்மணன் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தார்.

அக்கா ஒரு தட்டை எடுத்து, அந்த டப்பாவிலிருந்தே கொஞ்சம் சாதமும் குழம்பும் கொத்தவரங்காய்க் கறியமுதும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடேண்டா" என்றாள்.

லக்ஷ்மணன் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். முதலில் வாயில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தார். பிறகு புளி மட்டும் தனியாக வந்து பல்லைக் கூச வைத்தது. அதற்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் வாடை. கறியமுதை எடுத்தார், கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கி வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விழுங்கலாம் என்றால் தொண்டை திறக்க மாட்டேன் என்றது. அவர்கள் இருவர் எதிரில் துப்பவும் முடியாது. அப்போது அவருடைய வலது கை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்டூலைத் தாண்டி மாவடு ஜாடியை நோக்கிப் போயிற்று.

அத்திம்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். "போறது பாரு" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கும் இப்படித்தான்... தானாப் போறது."

லக்ஷ்மணன் கையை இழுத்துக்கொண்டார். "ஏன் அத்திம்பேர் சொல்லலை? கண்ணுல பட்டதுக்கெல்லாம் குறை சொல்லுவேளே, இதைச் சொல்லப்படாதா?"

"பெருமாள்... கண்டருளினது. நான் என்னடா... சொல்றது" என்று நிறுத்தினார் அத்திம்பேர். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. மீதியை அக்கா சொன்னாள்.

"அதைக் கொட்டவும் மனசு வரலைடா, பிரசாதமாச்சே. ஆஸ்பத்திரிலேர்ந்து எப்படி இருக்குன்னு கேட்டா. நன்னாயில்லேன்னா உன்கிட்டேர்ந்து எடுத்துடுவாளோன்னு இவர்தான் வாயைத் திறக்கப்படாதுன்னுட்டார். கல்யாண வேலையெல்லாம் போயிடுத்து, அவனுக்குன்னு இது ஒண்ணாவது நிக்கட்டும்னார்."

லக்ஷ்மணன் தலை குனிந்தார். குனிந்த கண்ணில் அத்திம்பேருடைய பாதங்கள் பட்டன. வீங்கிப் பளபளவென்று இருந்தன. விரலால் மெல்ல அழுத்தினார். பள்ளம் விழுந்தது, விழுந்தது அப்படியே நின்றது. இந்தக் காலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வளர்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். மூக்கே நாக்கு என்று சொன்ன மூக்கு அன்றைக்கு ஒழுகத்தான் பயன்பட்டது.

அன்று பிற்பகலே மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. மதுரைவீரனின் ஆட்டோவில் அத்திம்பேரை ஏற்றினார்கள். அக்கா ஒரு பக்கம், லக்ஷ்மணன் ஒரு பக்கம், லக்ஷ்மணன் மடியில் மாவடு ஜாடி. பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அடித்த பாம்பையும் கையோடு எடுத்துப்போவார்களே, அதுபோல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. காவேரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் உப்புத் தண்ணீர் தளும்பி வேஷ்டியெல்லாம் நனைந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர், "மாவடுங்களா, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். லக்ஷ்மணன் ஜாடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெருமாளே, இந்த மனுஷர் இன்னும் ஒரே ஒரு குறை சொல்லும்படியாக விட்டுவை என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே கொண்டுபோனார்கள். ரேஷ்மா ஓடிவந்தாள், ஜாடியைப் பார்த்தாள், மூடியைத் திறந்தாள்.

"யார் சார் போட்டது இது?"

"அடியேன்தான்."

"அந்தச் சாப்பாடு?"

"அதுவும் அடியேன்தான்."

நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ருசி பார்க்காததைச் சொன்னார், தமக்கென்று தனிப் பானை வைத்துச் சாப்பிட்டதைச் சொன்னார், காலி டப்பாவைப் பார்த்துக் குதித்ததைச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான் மட்டும் சாப்பிட்டா பாத்தேன்? உப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவுன்னு கணக்கு சரியா இருக்குன்னு விட்டுட்டேன். டப்பா காலியா வருதுன்னு எங்க மீட்டிங்ல நானும்தான் பெருமையா சொன்னேன்" என்றாள்.

அத்திம்பேர் பிழைத்தார். டாக்டர் வெளியே வந்து, இந்தத் தடவை தப்பிவிட்டார், இனி ஒரு தடவைக்கு அவரிடம் தெம்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாவடு ஜாடி மதுரைவீரன் வீட்டுக்குப் போயிற்று. அவர்கள் வீட்டில் அதை ஆஹா ஓஹோ என்று சாப்பிட்டார்களாம். அந்தப் புகழ் லக்ஷ்மணன் காதில் நாராசமாக விழுந்தது.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், தம்முடைய சின்னப் பானையைக் கவிழ்த்து வைத்தது. இனி நோயாளிகளுக்கு என்ன உண்டோ அதுதான் தமக்கும். இரண்டாவது, பெருமாளிடம் சண்டை போட்டது. "தினம் இதையா கண்டருளினீர்? அத்திம்பேருக்குத்தான் என்மேல பாசம், உமக்கு என்ன வந்தது? சூசகமா ஒரு பல்லி சத்தமாவது குடுக்கப்படாதா?" என்று கேட்டார். பெருமாள் எப்போதும் போலச் சும்மா இருந்தார்.

மூன்றாவது காரியம் மற்ற வீடுகளுக்குப் போனது. டப்பாவோடு தாமே போய், "எனக்கும் ஒரு தட்டு வைங்கோ" என்று உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு குற்றவாளி அகப்பட்டான். ஒரு வீட்டில் நார்த்தங்காய், ஒரு வீட்டில் மோர் மிளகாய், ஒரு வீட்டில் அரிசி அப்பளம் தலையணைக்குக் கீழே. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயரான தங்கையன், மேலூர் ரோட்டு வீட்டில், தட்டைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நெளிந்தார். "சாமிக்குப் படைச்ச சோறு, கொட்ட மனசு வரலைங்க. அது தனித் தட்டு, இது தனித் தட்டுங்க. ஒண்ணாக் கலக்கலை" என்றார். தனித் தட்டில் இருந்தது கருவாடு. லக்ஷ்மணன் மூக்கைப் பிடிக்காமல் அமர்ந்து தம் தளிகையை ஒரு வாய் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "நான் உங்க எடத்துல இருந்தா கலந்தே சாப்பிட்டிருப்பேன்" என்றார். தங்கையன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. உப்பை எடுத்துவிட்டால் போதாது, அது காலி செய்த இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைக்க வேண்டும். புளியைக் குறைத்தார். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்தார். மிளகும் சீரகமும் வறுத்து இடித்துப் போட்டார், கறிவேப்பிலையையும் எள்ளையும் பொடித்துத் தூவினார், இஞ்சியையும் கொத்தமல்லியையும் அரைத்துச் சேர்த்தார். ரேஷ்மா வாரத்தில் ஒரு நாள் வந்து சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு முழுத் தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கணக்கைப் பார்த்தாள். "இது பரவால்ல சார்", "இது வேணாம் சார்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சட்டத்தையும் அவர் மீறவில்லை. முதலில் பெருமாள், அடுத்து தாம், பிறகுதான் டப்பா. பெருமாளைச் சோதனைக்கு முன்னால் தள்ளிவிட்டதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அவருக்கு அனுபவம் உண்டு, தாங்கிக்கொள்வார் என்று தேற்றிக்கொண்டார்.

ஆரம்பத்தில் லக்ஷ்மணனின் நாக்கு அவரோடு பேசவே இல்லை. வெற்றுச் சாதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உப்பு டப்பா இருந்த அலமாரியைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தனை பேருக்கு இதை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் ஜாடியும் பானையுமாக வாழ்ந்ததை நினைத்தால் வெட்கம் பிடுங்கும். ஒரு வாய் உள்ளே போகும். அப்புறம் ஒரு நாள் கேரட்டைக் கடித்தபோது அது தித்தித்தது. இத்தனை நாள் இது தித்தித்துக்கொண்டா இருந்தது என்று திடுக்கிட்டார். பயத்தம்பருப்புக்கு ஒரு வாசனை இருந்தது. பீர்க்கங்காய்க்கு என்று ஒரு குணம் இருந்தது. எல்லாவற்றையும் இவ்வளவு காலம் உப்பில் புதைத்து வைத்திருந்திருக்கிறார். வயிறும் கொஞ்சம் உள்ளே போயிற்று. அதை மட்டும் தம் சாதனையாக வெளியில் சொல்லிக்கொண்டார். பழைய குணம் முழுக்கவா போய்விடும்?

அத்திம்பேர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் பேசுவதில்லை. லக்ஷ்மணனும் எப்படி இருந்தது என்று போன் செய்து கேட்பதில்லை, கேட்கத் தைரியமில்லை. அக்காவிடம் மட்டும் விசாரிப்பார். "கால் வத்திண்டு வரதுடா. எடை எறங்கியிருக்கு" என்பாள் அவள். "சாப்பாடு?" என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வார்.

ஆவணியில் ஒரு நாள் டப்பாக்கள் திரும்பி வந்தன. மதுரைவீரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு டப்பாவைத் தனியாக நீட்டினார். அத்திம்பேருடையது. திறந்தால், கொத்தவரங்காய் பாதி அப்படியே ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட முடியவில்லையோ, மறுபடி மூச்சோ என்று லக்ஷ்மணன் போனைத் தேடினார். அதற்குள் போனே அடித்தது.

"லக்ஷ்மணா, கறியமுதாடா அது, கொத்தவரங்கா நாரை உரிக்கணும்னு உனக்கு யாருமே சொல்லிக் குடுக்கலையா, பல்லுல மாட்டிண்டு ஒரு மணி நேரமா குச்சியும் கையுமா உக்காந்துண்டிருக்கேன், சாத்தமுதுல மிளகை அள்ளிக் கொட்டியிருக்கே, ஜீரகம் இருக்கிற எடமே தெரியலை, எலுமிச்சம்பழத்தை விதையோட பிழிஞ்சிருக்கே, ஒரு விதை மோருல மிதக்கறது, அந்த மோரைக் கடைஞ்சியா இல்லை சும்மா ஆட்டி ஊத்தினியா, பெருமாளுக்குக் காட்டறோம்கிற பயமாவது வேண்டாமாடா?"

லக்ஷ்மணன் போனைக் காதில் வைத்தபடியே சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவையும் அத்திம்பேர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை, இழுக்கவில்லை. உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லுங்கோ அத்திம்பேர்" என்றார். "இன்னும் சொல்லுங்கோ."

"இன்னும் என்னடா சொல்றது? நாளைக்குக் கொத்தவரங்கா அனுப்பினே, டப்பாவைத் திறக்கவே மாட்டேன். வச்சுடறேன்."

மறுநாள் விடிந்ததும் லக்ஷ்மணன் பையை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனார். ஒரு கூடைக்காரியிடம் குனிந்து, கொத்தவரங்காயாகப் பார்த்து வாங்கினார்.